கன்னத்தில் தேய்த்து வாங்கிய சீட்டுக்கட்டு

பம்பாய் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் நின்று ஓர் ஆள் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுகிறார். அதைக் கன்னத்தில் வைத்து மேலும் கீழும் தேய்க்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு அதைக் காதருகே கொண்டுபோய் விரலால் சுண்டிக் கேட்கிறார். கடைசியில் மோந்து பார்க்கிறார்.

அந்த ஆள் என் புருஷன்.

நான் நாலடி தள்ளி, முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்த பையோடு, இவரை யாரென்றே தெரியாதவள் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையில் வெண்டைக்காய் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கும் பொறுமை போய்விட்டது. "சீட்டு வாங்க வந்தாயா, அதைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தாயா?" என்று இந்தியில் கேட்டார். இவர் கண்ணைத் திறக்காமலே, "அடுத்த கட்டு காட்டு பாய்" என்றார்.

பக்கத்தில் காபிப்பொடிப் பொட்டலத்தோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை வேஷ்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று விபூதி. இவரை ஏற இறங்கப் பார்த்தார். "சிவ சிவா! கார்த்தாலயே சீட்டுக்கட்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். போகிற போக்கில் என் தாலியையும் பையையும் பார்த்து, 'ஐயோ பாவம்' என்பதுபோல ஒரு பார்வை வேறு.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"ஏங்க, மானம் போவுது. ஏதாவது ஒண்ணை வாங்கிட்டு வாங்க."

"ஏதாவது ஒண்ணா? என்னட்டி பேசுத? இது என்ன கத்திரிக்காயா?"

கத்திரிக்காய் வாங்கும்போது இந்த மனுஷர் சொத்தைகூடப் பார்ப்பதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அது ஆகாது, இது ஆகாது

போன வாரம் தாராவிக் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'நீங்கள் குடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அம்மா.

அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எனக்குக் கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே அறை. பம்பாயில் அதைக் கோலி என்பார்கள். சமையல், படுக்கை, என் தையல் மெஷின் எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்காரர் பெயர் சங்கரலிங்கம். பைக்குல்லாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார். மாப்பிள்ளை தங்கம் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். சீட்டில் மேஜிக் செய்வார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மேஜிக் என்றால் ஏதாவது ஒரு கட்டு போதாதா? போதாதாம்.

முதலில் அகலம். அவருக்குக் கை சின்னது. ரம்மிக்காரர்கள் வைத்திருக்கும் அகலச் சீட்டை உள்ளங்கையில் ஒளித்தால் ஓரம் எட்டிப் பார்க்கும். அதனால் ஒல்லிச் சீட்டுதான் வேண்டும். அடுத்தது விறைப்பு. வளைத்து விட்டால் பழையபடி நிமிர வேண்டும். அதற்காக ரொம்ப விறைப்பாகவும் இருக்கக் கூடாது. விசிறியாக விரிக்கும்போது கொத்துக் கொத்தாய் நிற்கும். வழவழப்பு கூடினால் கையை விட்டு ஓடும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். நல்ல சீட்டின் மேல் துணி நெசவு மாதிரி பொடிப்பொடிப் பள்ளங்கள் இருக்குமாம். அந்தப் பள்ளத்தில் தங்கும் காற்றின் மேல்தான் ஒரு சீட்டு இன்னொன்றின் மேல் வழுக்குமாம்.

அதைத்தான் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பது. விரல் நுனி போதாதா என்று கேட்டேன். ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து விரல் காய்த்துப் போய்விட்டதாம். கன்னம்தான் இன்னும் மிருதுவாக இருக்கிறதாம்.

முதுகுப் படத்துக்குத் தனிச் சட்டம். சுற்றிலும் வெள்ளைக்கரை வேண்டும். படம் நேராகப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். யானை, கப்பல், ரோஜாப்பூ போட்ட கட்டு என்றால் கையால் தொடமாட்டார். "ஒரு சீட்டு தலைமாறித் திரும்பிட்டுன்னு வையி, யானை மல்லாந்துரும். பாக்கவனுக்குப் பட்டுனு தெரிஞ்சிரும்" என்பார். எந்த ஊரில் எவன் யானையை உற்றுப் பார்க்கப் போகிறான் என்று எனக்குத் தோன்றும்.

வெளிநாட்டுச் சாமான் சுலபமாகக் கிடைக்காத காலம். ஆகவே கிடைத்த கட்டில் எல்லாம் குறை. காலையில் சயானில் ரயிலேறினால், நாலு பேர் முழங்காலின் மேல் பேப்பரை விரித்து ரம்மி ஆடிக்கொண்டு வருவார்கள். இவர் அவர்களிடம் போய், "கொஞ்சம் தொட்டுப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்பாராம். தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டு வருவாராம். ஒருநாள் அடி விழாமல் தப்பியது பெரிய காரியம்.

மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பம்பாய் மழையில் உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். இவருடைய கட்டுகள் உப்பிக்கொள்ளும். ஈரம் ஏறாமல் இருக்க அவற்றை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். நான் உழக்கை விட்டு அரிசி அள்ளினால் கூடவே ஒரு ராஜாவும் ராணியும் வருவார்கள். சீட்டு வழுக்குவதற்கு என்று என்னுடைய முகப்பவுடரை வேறு தூவித் தீர்ப்பார். என் முகத்துக்குப் பூசியதைவிட அந்த ஐம்பத்திரண்டு முகங்களுக்குப் பூசியதுதான் அதிகம்.

துட்டி வீட்டுச் சாமான்

எனக்குச் சீட்டு என்றாலே ஆகாது. காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரில் சீட்டுக்கட்டை நான் பார்த்ததெல்லாம் துட்டி வீட்டில்தான். சாவு விழுந்த வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டுமே, தூக்கம் வராமல் இருக்க ஆண்கள் வாசலில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டாடுவார்கள். அந்தச் சாமானைப் புதுப் பெண்டாட்டியின் அரிசி டின்னில் வைத்தால் எப்படி இருக்கும்?

அடுத்த கோலியில் இருந்த ஞானம் அக்கா நாசரேத்துப் பக்கம். சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவள். அவள் அரிசி கடன் கேட்டு வந்தபோது, அள்ளிப் போட்ட அரிசியோடு ஒரு ஜோக்கர் அவள் முறத்தில் விழுந்தது. முறத்தை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

"செண்பகம், இது சாத்தானோட புஸ்தகம்ட்டி! வீட்டுக்குள்ள எதுக்கு வச்சிருக்க?"

"நானாக்கா வச்சிருக்கேன்? அந்தக் கோட்டி பிடிச்ச மனுசன்ட்ட கேளுங்க."

கேட்டாள். அதற்கு இவர், "ஒரு சீட்டு எடுங்கக்கா" என்று கட்டை நீட்டினார். ஞானம் அக்கா ஒரு வாரம் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை.

இவ்வளவு கரித்துக் கொட்டுகிற நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவரோடு ஏன் மாதுங்காவுக்குப் போனேன் என்றால், அதற்கு என் கண்தான் காரணம். நான் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைப்பேன். சேலைக்குத் தக்க துணி, துணிக்குத் தக்க நூல் என்று நிறம் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. இவருக்கு ஒரே மாதிரி இரண்டு கட்டு வேண்டும். ஒரு கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஊறவைத்து உரித்து, இரண்டு பக்கமும் முகம் உள்ள சீட்டு, இரண்டு பக்கமும் முதுகு உள்ள சீட்டு என்று ஒட்டுவார். ஒரே கம்பெனி, ஒரே கடை, ஒரே பெயர். ஆனால் இரண்டு பெட்டியின் நீலமும் ஒன்றாக இருக்காது. அது இவர் கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பார்த்ததும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். காபிப்பொடிப் பெரியவர் போன பிறகு, கண்ணாடி அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடந்த இரண்டு பெட்டிகளைக் காட்டினேன். வெள்ளைக்கரை, கொடிப் பின்னல், ஒல்லிச் சீட்டு. நீலத்துக்கு நீலம் ஒரு நூல் இழைகூட வித்தியாசம் இல்லை. இவர் தேய்த்தார், சுண்டினார், மோந்தார். கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"செண்பகம், இதான்ட்டி" என்றார்.

எனக்குக் கல்யாணப் பட்டு எடுத்த அன்றுகூட இந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. ஆத்திரமாக வந்தது.

கதவைத் திறந்தவர்

நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஒரு டீச்சரம்மா செம்பூரில் இருந்தார். அவர்கள் காலனியில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாகப் போவதாகச் சொன்னார். ஓர் அறை, தனிச் சமையலறை. சமையலறைக்குள்ளேயே குழாய்.

வாசகர்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும். உள்ளேயே குழாய். வரிசை இல்லை, குடத்தை யாரும் எட்டி உதைக்க மாட்டார்கள், 'ஏ மதராஸி' என்று யாரும் தலைமுடியைப் பிடிக்க மாட்டார்கள். காலையில் எழுந்து கையை நீட்டித் திருகினால் தண்ணீர். அன்றிலிருந்து எனக்குக் கனவில் வேறெதுவும் வரவில்லை.

பெரிய முன்பணம் எல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் குடும்பம் நல்ல குடும்பமா என்று காலனிச் செயலாளர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் டீச்சர். எங்கள் குடும்பத்துக்கு என்ன குறைச்சல்? இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, இவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, சயானில் பஸ் ஏறிப் போனோம்.

செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்தவர் காபிப்பொடிப் பெரியவர்.

அவர் இவரைப் பார்த்தார். இவருடைய கன்னத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"மாதுங்காவுல பாத்தேனே, நீங்கதானே? மன்னிச்சுக்கோங்கோ. சீட்டாடறவாளுக்கு இங்க வீடு கிடையாது. நாலு குடும்பம் கௌரவமா இருக்கற எடம்."

"சார், நான் ஆடுததில்ல. மேஜிக் செய்யுதேன்" என்றார் இவர்.

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் சொல்லுவா."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அந்தக் காலனியில் எல்லோருக்கும் அவர் கமலா மாமி. "மேஜிக்கா? அப்போ நவராத்திரிக்கு வந்து பண்ணிக் காட்டச் சொல்லுங்கோளேன். பாத்தா தெரிஞ்சுடப் போறது" என்றார்.

செயலாளர் யோசித்தார். விஜயதசமி அன்று சாயந்திரம் கீழ் ஹாலில் நிகழ்ச்சி. செய்து காட்டட்டும், வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றார். என் குழாய் அந்தச் சீட்டுக்கட்டில் போய்த் தொங்கிவிட்டது. துட்டி வீட்டுச் சாமான்தான் இனி எனக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும்.

நானாக வைத்த பொட்டு

இவர் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார். அதற்கெல்லாம் பழைய கட்டுதான். நல்ல கட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. கடைசி வாரம் அதை எடுத்து, அவருக்கு வேண்டிய வரிசையில் அடுக்கி, திரும்பப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். "இனி மேடையிலதான் தொறப்பேன். கைபடக் கூடாது. கேட்டியா?" என்றார். கேட்டேன். காதில்தான் கேட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே இவர் வொர்க்‌ஷாப் பூஜைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோல், அளவு டேப், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் வைத்தேன். பொரிகடலை, பழம், செவ்வந்திப் பூ எல்லாம் ஆயிற்று. பார்த்தால் பூஜையில் இருப்பது எல்லாம் என் சாமான். இவருடையது என்று ஒன்றும் இல்லை.

வொர்க்‌ஷாப்பில் ஸ்பேனருக்கும் தராசுக்கும் பூஜை நடந்திருக்கும். ஆனால் அவை அவருடைய ஆயுதமா? அந்த மனுஷர் எதைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுகிறார்? எதனால் எனக்கு வீடு வரப்போகிறது?

அலமாரியை அண்ணாந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக நான் திட்டாத திட்டில்லை அந்தச் சாமானை. பாவமாக இருந்தது. எடுத்தேன்.

பெட்டியின் மேல் பொட்டு வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மெஷினுக்கு வைக்கும்போது மூடியிலா வைக்கிறோம்? மெஷினில்தானே வைக்கிறோம்? ஆகவே கட்டை வெளியே எடுத்து, ரவிக்கைத் துண்டின் மேல் மெஷினுக்குப் பின்னால் வைத்து, மேல் சீட்டின் முதுகில் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம். மேலே இரண்டு செவ்வந்தி. "தாயே, குழாய் உள்ள வீடு குடு" என்று விழுந்து கும்பிட்டேன்.

மத்தியானம் இவர் வந்தார், பொரி தின்றார், தூங்கினார். வெறும் பெட்டி அலமாரியில் இருந்ததால் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடித்துக் கட்டை எடுத்தேன். பன்னீர் ஊறி, குங்குமம் கரைந்து, மேல் சீட்டின் நீலக்கொடி முழுவதும் சிவந்து கிடந்தது. அதற்கடுத்த சீட்டிலும் கறை. அதற்கடுத்ததிலும். ஓரமெல்லாம் உப்பியிருந்தது.

துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். அதுவும் எதால்? ஈரத்துணியால். கூறுகெட்டவள்! சிவப்பு ரோஸ் ஆகி இன்னும் பரவியது. அடுப்புச் சூட்டில் காட்டினேன், வளைந்துகொண்டது. அம்மியைத் தூக்கி மேலே வைத்து நிமிர்த்தி, பெட்டிக்குள் திணித்து, பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். இவர் குளித்துவிட்டு, இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். "செண்பகம், இன்னைக்கு உனக்கு வீடு வாங்கித் தாரேன் பாரு" என்றார். நான் அவர் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டேன். பயம்தான். வேறென்ன? செம்பூர் போகும் பஸ்ஸில் அந்தப் பெட்டி அவர் சட்டைப்பையில் இருந்தது.

யானை மல்லாந்தது

ஹாலில் ஒரு பக்கம் கொலு. ஜமுக்காளத்தில் பெண்கள், கையில் சுண்டல். பின்னால் நாற்காலிகளில் ஆண்கள். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் செயலாளர். நான் ஓரமாகச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

இவர் வணக்கம் சொல்லி, பெட்டியைத் திறந்து, கட்டை எடுத்தார். விசிறியாக விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. கட்டையாக நின்றது. திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என்ன அது, முதுகுல சிவப்பா? இப்படிக் குடுங்கோ" என்று கையை நீட்டினார் செயலாளர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். மேல் சீட்டு, அடுத்தது, அதற்கடுத்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"பாத்தேளா? அடையாளம் வெச்ச சீட்டு! இதுதான் மேஜிக்கு! சூதாடற எடத்துல இந்த வேலை பண்ணினா கையை ஒடிப்பா. இவாளுக்கா வீடு குடுக்கச் சொல்றேள்?"

ஹாலில் சலசலப்பு. அந்தக் கறை எப்படி வந்தது என்று இவருக்கே தெரியாது, என்ன சொல்வார்? இரவல் கோட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். நான் எழுந்து நின்றேன்.

"அது நான் வச்ச பொட்டு!"

குழாயடியில் பழகிய குரல். கொலுப் பொம்மைகள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

"நேத்து ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு சார். தையல் மெஷினுக்கு வச்சேன், கத்தரிக்கு வச்சேன், அவிய சீட்டுக்கும் வச்சேன். காலையில ஈரத்துணிய வச்சித் தொடச்சி நாசமாக்கினதும் நான்தான். அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. குத்தம்னா என்னையச் சொல்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கமலா மாமி எழுந்து வந்து, செயலாளர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"ஏன்னா, இது சந்தனம்! பன்னீர் விட்டுக் குழைச்சிருக்கா. சூதாடறவாத்துல யாராவது சீட்டைச் சரஸ்வதிகிட்ட வெப்பாளா?"

யாரோ ஓர் அம்மாள் சிரித்தார். "எங்காத்துல டைப்ரைட்டருக்கு வெச்ச சந்தனம் உள்ள போய், இன்னிக்கு ஒரு எழுத்து விழ மாட்டேங்கறது" என்றார். அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் உட்கார்ந்தார்.

"சரி, சரி. பண்ணுங்கோ" என்றார்.

"இதுல முடியாது சார். ஒட்டிக்கிட்டு. வேற ஒரு கட்டு இருந்தா செய்யுதேன்" என்றார் இவர்.

கௌரவமான நாலு குடும்பத்து ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சுண்டலைக் கிளறினார். மாமிதான் பேசினார்.

"ஏன்னா, நம்மாத்து பீரோவுல உங்க வேஷ்டிக்கு அடியில ஒண்ணு இருக்கே. ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திண்டு நாலு பேரா ஆடுவேளே, அதைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

செயலாளர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு. அதற்குப் பிறகும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேர் யார் யார் என்பதும் ஹாலுக்கே தெரிந்துவிட்டது.

கட்டு வந்தது. அகலச் சீட்டு. தொட்டால் துணி மாதிரித் துவண்டது. மூலையெல்லாம் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, கிளாவர் ராஜாவுக்கு ஒரு காது கிழிந்து. முதுகில் வெள்ளைக்கரை கிடையாது. பெரிய யானை. இவர் ஆகாது என்று சொன்ன அத்தனையும் ஒரே கட்டில்.

இவர் அதைக் கையில் வாங்கினார். கன்னத்தில் வைக்கப் போகிறாரோ என்று பயந்தேன். வைக்கவில்லை. ஒரு நிமிஷம் யானையைப் பார்த்தார். பிறகு கலைக்க ஆரம்பித்தார். எத்தனை யானை தலைகீழாக நின்றதோ, கலைக்கிற சாக்கில் அத்தனையையும் நேராக்கினார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

"சார், ஒரு சீட்டு எடுங்க."

செயலாளர் வேண்டாவெறுப்பாக ஒன்றை உருவி, நெஞ்சோடு சேர்த்து ஒளித்துப் பார்த்தார். அதற்குள் இவர் பேச்சுவாக்கில் கையிலிருந்த கட்டைத் தலைமாற்றிப் பிடித்துக்கொண்டார். சீட்டு உள்ளே திரும்பிப் போனது. இப்போது ஐம்பத்தோரு யானை ஒரு பக்கம், ஒரு யானை மறுபக்கம். செயலாளரே கலைத்தார். இவர் விரித்தார், கண்ணை மூடுவதுபோல் பாவனை செய்தார், ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

டைமன் ஏழு.

"என் கட்டுலயேவா!" என்று எழுந்துவிட்டார் செயலாளர். பதினைந்து வருஷமாக அந்த யானையைக் கையில் வைத்து ஆடிய மனுஷர். அது மல்லாந்ததை ஒரு தரமும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அரைமணி நேரம். நான் கோலியில் பார்த்துச் சலித்த வித்தைகள்தான். ஆனால் அன்று பார்த்தமாதிரி என்றும் பார்த்ததில்லை. என்னை அறியாமல் கை தட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் கிளம்பும்போது செயலாளர் படிவரைக்கும் வந்து, "ஒண்ணாந்தேதி வந்துடுங்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பரவாயில்லை, குழாய் முகம் பார்க்காது.

கடைசியாகக் குழாய்

திரும்பும் பஸ்ஸில் இவர் கெட்டுப்போன கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"கோவமா?" என்றேன்.

"தொடச்சிருக்க வேண்டாம்ட்டி."

"வச்சதே தப்பு. தொடச்சா என்ன, தொடைக்காட்டா என்ன?"

"வச்சது தப்பில்ல" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு வருசமா நீ அதைச் சவம் சவம்னுதான் சொல்லுவ."

எனக்கு அந்தச் சாமானின் மேலிருந்த எல்லாக் கோபமும் போய்விட்டது. இனி இந்த மனுஷரைச் சீட்டுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று சயான் வருவதற்குள் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

ஒன்றாம் தேதி குடிபோனோம். மறுநாள் விடிந்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது. குடத்தின் அடியில் விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை அவரும் பார்க்க வேண்டாமா?

"ஏங்க, இங்கன வாங்களேன்!"

அறையில் ஆள் இல்லை. வெளிக்கதவு திறந்து கிடந்தது. மாடிப்படி வழியாகக் கீழே இறங்கிப் போனேன்.

செயலாளர் வீட்டு வாசலில் இவர் நின்றிருந்தார். கையில் அந்த யானைச் சீட்டு.

"பழசானாலும் என்ன வழுக்கு வழுக்குது சார்! இது எந்தக் கடையில வாங்கினிய? இன்னொரு கட்டு கெடைக்குமா?"

"இருங்கோ. நீங்க சொல்றாப்பல பண்ணிப் பாக்கறேன்" என்றார் செயலாளர். குளித்துப் பூசிய விபூதியோடு நின்றிருந்த அந்தப் பெரியவர், ஒரு சீட்டை உருவிக் கன்னத்தில் வைத்து, மேலும் கீழும் தேய்த்து, மெல்லக் கண்ணை மூடினார். பக்கத்தில் இவரும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"சிவ சிவா!" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.